உதிரும் மாத்திரை: நட்டம் யார் கணக்கில்?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம். மேகமலைப் பகுதியில் சிறு பலசரக்குக் கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர் ஒரு துணிப்பையோடு நமது சங்க அலுவலகத்துக்கு வந்தார். பையை மேசைமேல் கவிழ்த்தார். அத்தனையும் காய்ச்சல், தலைவலிக்கு விற்கும் மாத்திரை அட்டைகள். எந்த அட்டையை எடுத்து ஆட்டினாலும் உள்ளே மணல் உருள்வது போலச் சத்தம். சில குழிகளில் மாத்திரை இரண்டாகப் பிளந்து கிடந்தது. சிலவற்றில் ஓரம் உதிர்ந்து மாவாக இருந்தது.

சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரியிடம் இவர் கேட்டிருக்கிறார். "மலை ரோட்டில் ஜீப்பில் போட்டுக் குலுக்கிக்கொண்டு போனீர்கள். அதற்கு நாங்கள் பொறுப்பா?" என்று பதில் வந்திருக்கிறது. கம்பெனிப் பிரதிநிதியோ, "கடையில் ஈரம்பட வைத்திருப்பீர்கள் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் பைக்கில் ஏறிப் போய்விட்டார். மாத்திரை வாங்கிய தோட்டத் தொழிலாளர்கள், "பழைய சரக்கை நம் தலையில் கட்டுகிறார்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

தொகை என்று பார்த்தால் பெரிதில்லை. ஆனால் பைசாக் கணக்கில் லாபம் பார்க்கும் கடைக்குச் சிறு தொகையும் தொகைதான். அதைவிடப் பெரிது, கடையின் பெயர். அரிசியில் கல் இருந்தால் வாடிக்கையாளர் சண்டை போடுவார், மறுபடியும் வருவார். மருந்தில் சந்தேகம் வந்துவிட்டால் சண்டை போடமாட்டார், வரவும் மாட்டார்.

இந்த வழக்கு எப்படித் தீர்ந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறோம். மாத்திரை எதனால் கட்டுக்கோப்பாக நிற்கிறது, எதனால் உதிர்கிறது என்பது முதலில் நமக்குத் தெரிய வேண்டும். அது தெரியாத காரணத்தால்தான் தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, வண்டிக்காரர் என்று கைமாறி வரும் நட்டம், வரிசையில் கடைசியாக நிற்கும் சில்லறைக் கடைக்காரர் தலையில் வந்து இறங்குகிறது.

பொடி வில்லையான கதை

மாத்திரை என்ற சொல் நமக்குப் புதிதல்ல. சித்த வைத்தியர்கள் மருந்தைக் கல்வத்தில் அரைத்து, கையால் உருட்டி, நிழலில் உலர்த்திக் கொடுத்தார்கள். ஐரோப்பாவிலும் கையால் உருட்டிய மாத்திரைதான் நெடுங்காலம் இருந்தது. 1843இல் இங்கிலாந்தில் வில்லியம் பிராக்கடன் என்பவர், பொடியை அச்சுக்குழியில் போட்டு இருபுறமும் அழுத்தி வில்லையாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் மருந்து வியாபாரி அல்ல, ஓவியர். படம் வரைய நல்ல பென்சில் வேண்டும் என்பதற்காகக் கரித்தூளை அழுத்திக் கட்டியாக்க வழி தேடினார். அந்த வழியே மருந்துக்கும் உதவியது. 1884இல் பரோஸ் வெல்கம் நிறுவனம் தனது அழுத்திய மாத்திரைகளுக்கு 'டேப்லாய்டு' என்று வணிகப் பெயர் வைத்தது. சின்னதாகச் சுருக்கிய பத்திரிகைக்கு 'டேப்லாய்டு' என்ற பெயர் பிற்பாடு இதிலிருந்துதான் வந்தது.

இன்றைய இயந்திரமும் அடிப்படையில் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு குழி, மேலே ஒரு அழுத்துக்கோல், கீழே ஒரு அழுத்துக்கோல். குழியில் பொடி விழும். இரண்டு கோல்களும் நெருங்கி அழுத்தும். கீழ்க்கோல் வில்லையை வெளியே தள்ளும். அழுத்தம் பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு டன் முதல் இரண்டு டன் வரை இருக்கும். நமது கணக்கில் சொல்வதென்றால், 50 கிலோ அரிசி மூட்டை இருபதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்தப் பாரம் முழுவதையும் ஒரு சட்டைப் பொத்தான் அளவு இடத்தில் கண் சிமிட்டும் நேரத்துக்கு இறக்கி எடுப்பது போல.

அவ்வளவு பாரம் ஏற்றினாலும் மாத்திரை முழுக்கக் கெட்டிப்படுவதில்லை. உள்ளே நூற்றுக்கு 5 முதல் 20 பங்கு வரை காற்றிடம் இருக்கும். அந்தக் காற்றிடம் கொஞ்சம் கூடினாலும் உறுதி மளமளவென்று இறங்கும். 1953இல் ரிஷ்கெவிச் என்ற ஆய்வாளர் பீங்கான் வகைப் பொருள்களை உடைத்துப் பார்த்து, காற்றிடம் நூற்றுக்குப் பத்து கூடினால் உறுதி ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது என்று கண்டார். அழுத்திய மாத்திரையிலும் இதே போக்கைத்தான் காண்கிறார்கள். ஆகவே இயந்திரத்தில் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும், குழியில் விழும் பொடி கொஞ்சம் குறைந்தாலும், அதன் பலன் நம் கடை அலமாரியில் வந்து தெரியும்.

கூட்டுச் சரக்கின் குணம்

500 மில்லிகிராம் என்று அச்சிட்ட பாராசிட்டமால் மாத்திரையைத் தராசில் வைத்தால் எடை அதற்கு மேலேயே நிற்கும். கலப்படம் என்று யாரும் எண்ண வேண்டாம். 500 என்பது மருந்தின் எடை மட்டும். அதோடு மாவு, பசை, வழுக்குப்பொடி என்று பல துணைச் சரக்குகள் சேர்ந்துதான் மாத்திரை ஆகிறது. நாம் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெருங்காயத்தோடு கோந்தும் மாவும் சேர்ந்திருக்கிறதே, அதுபோல.

ஏன் இந்தக் கூட்டு? ஒவ்வொரு பொடிக்கும் ஒரு குணம். சில பொடிகள் அழுத்தினால் கற்கண்டு போலப் பொடிந்து, பொடிந்த புதுப் பரப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பாலிலிருந்து எடுக்கும் லாக்டோஸ் அப்படிப்பட்டது. சில பொடிகள் புளியைப் போல அமுங்கி, தட்டையாகி, ஒட்டிக்கொள்ளும். மரக்கூழிலிருந்து எடுக்கும் மைக்ரோ கிரிஸ்டலைன் செல்லுலோஸ் அப்படி. 1960களின் தொடக்கத்தில் இது விற்பனைக்கு வந்தபிறகு மாத்திரைத் தொழிலே சுலபமானது. வேறு சில பொடிகள் அழுத்தும்வரை அடங்கியிருந்து, அழுத்தம் விலகியதும் நிமிரப் பார்க்கும். பாராசிட்டமால் இந்த வகையில் பெயர் வாங்கியது. தனியாக அழுத்தினால் வில்லையாக நிற்காது. மேல்பகுதி மூடி போலக் கழன்றுவிடும். நம் நாட்டில் மிக அதிகமாக விற்கும் மாத்திரைகளில் ஒன்று, அழுத்துவதற்கு மிகச் சிரமமான பொடிகளில் ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது ஒரு கேள்வி. நன்றாக ஒட்டும் பொடி ஒரு பங்கு, ஒட்டாத பொடி ஒரு பங்கு சேர்த்து அழுத்தினால், உறுதி இரண்டுக்கும் நடுவில் நிற்குமா? வியாபாரிக் கணக்கில் அப்படித்தான் தோன்றும். இருபது ரூபாய்ச் சரக்கும் நாற்பது ரூபாய்ச் சரக்கும் சமமாகக் கலந்தால் முப்பது ரூபாய் அடக்கம். ஆனால் உறுதிக்கு இந்தச் சராசரிக் கணக்கு ஒத்துவருவதில்லை. பல கலவைகளில் உறுதி சராசரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

காரணம் எளிது. மாத்திரையின் உறுதி துகள்களுக்குள் இல்லை. துகளும் துகளும் தொடும் இடத்தில் இருக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு பொடிகளைச் சரிபாதியாக நன்கு கலந்தால், நூறு தொடும் இடங்களில் இருபத்தைந்தில் முதல் பொடி தன் இனத்தையே தொடும். இருபத்தைந்தில் இரண்டாவது பொடி தன் இனத்தைத் தொடும். மீதி ஐம்பதில் ஒன்று மற்றொன்றைத் தொடும். அந்த ஐம்பது இடங்களில் ஒட்டுதல் நன்றாக இருந்தால் மாத்திரை நிற்கும். இல்லையென்றால் பாதிச் சுவர் பலவீனம். கூட்டு வியாபாரத்தில் இரண்டு பேரின் முதலையும் கூட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. இருவருக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும் என்பார்களே, அதே சங்கதிதான் இது.

இன்னொன்றும் உண்டு. ஒட்டாத பொடி மிக நைசாகவும், ஒட்டும் பொடி பருவெட்டாகவும் இருந்தால், நைஸ் பொடி பெரிய துகள்களைச் சுற்றி உறை போட்டதுபோல் படிந்துவிடும். அப்போது அளவில் குறைந்த பொடியே மாத்திரையின் குணத்தைத் தீர்மானிக்கும்.

ஒரு சிட்டிகை செய்யும் வேலை

ஒட்டாத பொடியை நிற்கவைக்க ஆலைகள் பின்பற்றும் பழைய வழி, நம் வீட்டுப் பொரி உருண்டை வழிதான். வெறும் பொரி உருண்டையாகாது, வெல்லப்பாகு வேண்டும். அதுபோல மருந்துப் பொடியில் மாவுக்கஞ்சி அல்லது ஜெலட்டின் பசை சேர்த்துப் பிசைந்து, குறுணையாக்கி, உலர்த்தி, சலித்து, பிறகு அழுத்துகிறார்கள். மக்காச்சோள மாவு, உருளைக்கிழங்கு மாவு போலவே நம் சேலம் பக்கத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் மாவும் இந்த வேலைக்கு ஏற்றது. பாகுக்குப் பதம் இருப்பதுபோல் குறுணைக்கும் பதம் உண்டு. கொஞ்சம் ஈரம் தங்க வேண்டும். காய்ந்து சருகாகிவிட்டால் மாத்திரை மூடி கழலும். ஈரம் அதிகமானால் அழுத்துக்கோலில் ஒட்டிப் பிய்யும்.

கடைசியில் சேர்ப்பது வழுக்குப்பொடி. மக்னீசியம் ஸ்டியரேட் என்ற வெள்ளைப் பொடி. மாத்திரை குழிச்சுவரில் சிக்காமல் வெளியே வர இது வேண்டும். நூற்றுக்கு ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் சேர்ப்பார்கள். ஆனால் அந்த ஒரு சிட்டிகை அளவு மீறினாலும், அளவோடு போட்டு அதிக நேரம் கலக்கிவிட்டாலும், எல்லாத் துகள்மேலும் மெழுகுப் பூச்சு போலப் படிந்து ஒட்டவிடாமல் செய்துவிடும். பரோட்டாக் கடையில் மாவு உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவி அடுக்குவதைப் பார்த்திருக்கிறோம். அந்த எண்ணெய் உருண்டைக்கு நல்லது. ஆனால் எண்ணெய் தடவிய இரண்டு உருண்டைகளை ஒன்றாகச் சேர்க்க நினைத்தால் சேராது.

ஆக, ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை, ஒரே அட்டை என்று இருந்தாலும், ஒரு நாள் கலவை பதமாகவும் மறுநாள் கலவை பதம் தவறியும் இருக்கக்கூடும். அதனால்தான் ஒவ்வொரு கலவைக்கும் தனி எண் கொடுக்கிறார்கள். அட்டையில் இருக்கும் பேட்ச் எண் அதுவே. நம்மில் பலர் காலாவதித் தேதியைப் பார்ப்போம்; பேட்ச் எண்ணைப் பார்க்கமாட்டோம். நட்டத்துக்குக் கணக்குக் கேட்க உதவுவது அந்த எண்தான்.

கெட்டியாக இருந்தால் மட்டும் போதுமா?

அந்தக் காலத்தில் மாத்திரையின் உறுதியை விரலால்தான் சோதித்தார்கள். இரண்டு விரல்களுக்கு மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவார்கள். 'டக்' என்று சத்தம் போட்டு உடைந்தால் சரி; ஓசையில்லாமல் நொறுங்கினால் தள்ளுபடி. பிறகு சுருள்வில் வைத்த சிறு கருவிகள் வந்தன. மாத்திரையை ஓரத்தோடு ஓரமாக நிறுத்தி அழுத்தி, எத்தனை கிலோ விசையில் உடைகிறது என்று அளப்பார்கள். சாதாரண மாத்திரைக்குக் குறைந்தது 4 கிலோ என்பது பாடநூல்களில் வழக்கமாகச் சொல்லும் அளவு.

இந்தக் கிலோக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 12 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் கனமுள்ள பெரிய மாத்திரையும், 8 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனமுள்ள சிறிய மாத்திரையும் ஒரே 6 கிலோவில் உடைந்தால், இரண்டும் சம உறுதி என்று சொல்லக் கூடாது. பெரியதில் அகலத்தையும் கனத்தையும் பெருக்கினால் 48, சிறியதில் 24. பாதிப் பரப்பை வைத்துக்கொண்டு அதே பாரத்தைத் தாங்கிய சிறிய மாத்திரையின் சரக்குதான் இரு மடங்கு உறுதி. 1970இல் ஃபெல், நியூட்டன் என்ற இருவர் இந்தக் கணக்கை மாத்திரைக்குப் பொருத்திக் காட்டினார்கள். கான்கிரீட் உருளையைப் பக்கவாட்டில் அழுத்தி உடைத்துப் பார்க்கும் 1940களின் கட்டிடச் சோதனைதான் இதற்கு மூலம். கட்டிடத்துக்கு உதவிய கணக்கு காய்ச்சல் மாத்திரைக்கும் உதவியது.

நமக்கு இன்னும் நெருக்கமானது உதிர்வுச் சோதனை. எடைபோட்ட மாத்திரைகளை ஒரு வட்டமான பெட்டிக்குள் போட்டு, நிமிடத்துக்கு 25 சுற்று வீதம் 4 நிமிடம் சுற்றுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் மாத்திரை சுமார் 6 அங்குல உயரத்திலிருந்து விழும். நூறு விழுதல்களுக்குப் பிறகு தூசியைத் தட்டிவிட்டு மறுபடி எடை போடுவார்கள். எடைக் குறைவு நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. ஒரு மாத்திரை பிளந்திருந்தாலும் தேறாது. ஜீப் பயணத்துக்கு ஆலையிலேயே நடத்தும் ஒத்திகை என்று இதைச் சொல்லலாம்.

அப்படியானால் இரும்புபோல் அழுத்திவிட்டால் வம்பில்லையே என்று தோன்றும். அதுவும் தவறு. வயிற்றில் போனதும் மாத்திரை பிரிந்து கரைய வேண்டும். சாதாரண உறையில்லாத மாத்திரை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடத்துக்குள் பிரிய வேண்டும் என்பது இந்திய மருந்து நூலின் பொது விதி. மிகக் கெட்டியான மாத்திரை கரையாமல் தாமதித்தால், வலி நின்றபாடிருக்காது. வழியில் உதிரக்கூடாது, வயிற்றில் உதிரவேண்டும் என்ற இரண்டுக்கும் நடுவில்தான் நல்ல மாத்திரை நிற்கிறது.

எடைக்கும் விதி உண்டு. இருபது மாத்திரைகளைத் தனித்தனியே எடை போட்டுச் சராசரி காண்பார்கள். 250 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள மாத்திரையில் சராசரிக்கு நூற்றுக்கு 5 வரைதான் ஏற்ற இறக்கம் இருக்கலாம். இரண்டு மாத்திரைகளுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை. ஆலைக்கு இவ்வளவு கண்டிப்பு இருக்க, நம் கடையில் கால் பங்கு உதிர்ந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் என்ன அர்த்தம்? 500இல் 125 மில்லிகிராம் மருந்து தரையில் போயிற்று என்று அர்த்தம். எடைக்கல்லில் கால் கிலோ குறைத்து வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

தமிழகம் கண்ட வழி

ஒரு காலத்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் மாத்திரைகள் பெரிய டப்பாக்களில் உதிரியாக வந்தன. கரண்டியால் அள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். டப்பாவின் அடியில் ஒரு கை மாவு எப்போதும் தேங்கும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலையில் தொடங்கப்பட்டது. மாத்திரைகளை அட்டையில் அடைத்துக் கொடுக்க வேண்டும் என்று அது வற்புறுத்தியது. வரும் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயர் தெரியாமல் மறைத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பித் தேறிய பிறகே ஆஸ்பத்திரிக்கு விநியோகம் செய்தது. பிற்பாடு கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களும் இதே மாதிரியில் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன.

இதில் வியாபாரிகளாகிய நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இரண்டு. ஒன்று, அட்டை என்பது அலங்காரம் அல்ல. மாத்திரையின் உறுதியைக் காக்கும் வீடு. இரண்டு, பேட்சைப் பேட்சாகப் பார்ப்பவருக்குத்தான் குறை எங்கே என்று தெரியும்.

நம் பள்ளத்தாக்கின் நிலை

நமது பகுதிக்கென்று சில சோதனைகள் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் கூடலூர், கம்பம் பக்கம் மலையிலிருந்து சாரல் அடித்துக்கொண்டே இருக்கும். மேகமலை, போடிமெட்டு, குமுளி வழியில் சுவரே வியர்க்கும். உப்பு மூட்டை கசியும், வெல்லம் இளகும், பப்படம் துவளும். அதே ஈரம் மாத்திரைக்குள்ளும் போகிறது. மாத்திரை வயிற்றில் பிரிய வேண்டும் என்று சேர்த்த மாவு, ஈரக்காற்று பட்டால் அலமாரியிலேயே ஊதத் தொடங்கும். ஊதினால் பிடிப்பு தளரும்.

இருபுறமும் அலுமினியத் தாள் உள்ள அட்டை ஈரத்தை நன்றாகத் தடுக்கும். ஒருபுறம் கண்ணாடிபோல் பிளாஸ்டிக் குழியுள்ள சாதாரண அட்டை கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை உள்ளே விடும். மலைக்கடைக்காரர்கள் வாங்கும்போது இரண்டும் கிடைத்தால் முதல் வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

விடியற்காலையில் கம்பத்திலும் போடியிலும் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகள் நிற்பதை நாம் அறிவோம். அந்த நேரத்தில் கடைக்கு வரும் தாயார், "தம்பி, தலைவலிக்கு ரெண்டு மாத்திரை குடுப்பா" என்று கேட்டு, வெற்றிலைப் பையில் முடிந்துகொண்டு ஜீப்பில் ஏறுகிறார். மதியம் மலையில் வலி வரும்போது பையைத் திறந்தால் சுண்ணாம்போடு கலந்த மாவு இருந்தால், அன்றைய கூலி நாளில் அவருக்கு நாம் என்ன பதில் சொல்வது? அட்டையோடு கொடுத்தால் மாத்திரையும் பிழைக்கும், நம் பெயரும் பிழைக்கும்.

உடைசல் பேசும்

உடைந்த மாத்திரையைக் கூர்ந்து பார்த்தால் யார் தவறு என்று அதுவே சொல்லும்.

மேல்பகுதி மூடி கழன்றதுபோல் சுத்தமாகப் பிரிந்திருந்தாலோ, ஏடு ஏடாக விலகியிருந்தாலோ, பெரும்பாலும் அது ஆலையின் குறை. கலவைப் பதம், அழுத்திய வேகம், உள்ளே அடைபட்ட காற்று ஆகியவற்றில் ஒன்று.

ஓரங்கள் மட்டும் மழுங்கி, குழியில் மாவு இருந்தால், மாத்திரை பலவீனமாக இருந்திருக்கலாம், அல்லது வழியில் பலமான குலுக்கல் பட்டிருக்கலாம். இதே வண்டியில் வந்த வேறு பேட்சைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

மாத்திரை ஊதி, மென்மையாகி, விரலில் மாவாக ஒட்டினால், புள்ளி விழுந்திருந்தால், நிறம் மாறியிருந்தால், அது ஈரத்தின் வேலை. அட்டை ஓட்டையா அல்லது நாம் வைத்த இடம் தவறா என்று பார்க்க வேண்டும்.

ஆஸ்பிரின் மாத்திரையில் வினிகர்போல் புளித்த வாடை வந்தால், ஈரம் பட்டு மருந்தே பிரிந்துவிட்டது என்று பொருள். அதை ஒருபோதும் விற்கக் கூடாது. சரக்கை முகர்ந்தே தரம் சொல்லும் நம் மூக்கு இங்கேயும் உதவும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம்

மளிகைக் கடையில் மாத்திரை விற்பது எல்லோருக்கும் திறந்த வழி அல்ல. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'கே' அட்டவணை, ஆயிரம் பேருக்கு மேற்படாத மக்கள்தொகையுள்ள கிராமத்தில், ஆஸ்பிரின், பாராசிட்டமால் போன்ற சில வீட்டு மருந்துகளை மட்டும் விற்பனை உரிமம் இல்லாமல் விற்க இடம் தருகிறது. அதற்கும் நிபந்தனை உண்டு. உரிமம் பெற்ற மொத்த வியாபாரியிடமோ தயாரிப்பாளரிடமோ வாங்கியிருக்க வேண்டும். பிரிக்காத அசல் உறையில் விற்க வேண்டும். டப்பாவில் கொட்டி உதிரியாக விற்பதற்கு இடமில்லை. கம்பம், சின்னமனூர், போடி போன்ற ஊர்களில் இருக்கும் நம் கடைகளுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அங்கே விற்க வேண்டுமானால் 20-ஏ படிவத்தில் வழங்கும் வரையறுக்கப்பட்ட உரிமம் போன்றவை வேண்டும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், நம் பகுதி மருந்து ஆய்வாளரிடம் நேரில் கேட்டுத் தெளிவு பெற்றுக்கொள்வது நல்லது.

ஒன்றைக் கவனியுங்கள். பில் இல்லாமல் வாங்கிய மாத்திரை உடைந்தால், நாம் யாரிடமும் நியாயம் கேட்க முடியாது.

அந்தத் துணிப்பை என்ன ஆயிற்று?

நாம் அந்த உறுப்பினரிடம் பில்லைக் கேட்டோம், வைத்திருந்தார். அட்டைகளைப் பேட்ச் எண்படி பிரித்து அடுக்கினோம். ஒரே கம்பெனியின் ஒரே மாத்திரையில் இரண்டு பேட்ச் இருந்தது. இரண்டும் ஒரே நாளில், ஒரே பெட்டியில், ஒரே ஜீப்பில் மலையேறியவை. ஒரு பேட்சில் மாத்திரைகள் முழுசாக இருந்தன. மற்றதில் அட்டைக்கு அட்டை உடைசல். அதுவும் மூடி கழன்றது போன்ற சுத்தமான பிளவு. குலுக்கல்தான் காரணம் என்றால் இரண்டும் அல்லவா உடைந்திருக்க வேண்டும்?

அத்தோடு விடவில்லை. சின்னமனூரில் மலையடிவாரத்துக் கடையொன்றில் அதே பேட்ச் இருப்பது தெரிந்தது. மலையே ஏறாத சரக்கு. மொத்த வியாபாரியை அழைத்து அவர் முன்னாலேயே அட்டையை ஆட்டிக் காட்டினோம். அதே மணல் சத்தம். அவர் நியாயமானவர், வாதம் பேசவில்லை. கம்பெனிக்கு எழுதினார். அந்தப் பேட்ச் முழுவதற்கும் மாற்றுச் சரக்கு வந்து சேர்ந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். அந்தப் பையில் நாலைந்து அட்டைகள் வேறு வகை. மாத்திரை ஊதி, மங்கி இருந்தது. எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டோம். கொஞ்சம் தயங்கி, "உப்பு மூட்டைக்கு மேல் பலகையில்" என்றார். அந்த நட்டத்தை அவரே ஏற்றுக்கொண்டார். மறுபேச்சு இல்லை. மற்றவர் தவறை மற்றவர் கணக்கிலும், நம் தவறை நம் கணக்கிலும் எழுதுவதுதானே வியாபார தர்மம்.

ஆகவே நம் உறுப்பினர்கள் அனைவரும் கீழ்க்கண்டவற்றை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டுகிறோம்:

1. சரக்கு வந்ததும் ஒவ்வொரு பேட்சிலும் ஓர் அட்டையை எடுத்துக் காதருகில் ஆட்டிப் பாருங்கள். மாவுச் சத்தம் கேட்டால் அன்றே தெரிவியுங்கள்.

2. பேட்ச் எண், காலாவதித் தேதி இரண்டும் பில்லில் இருக்கிறதா என்று பார்த்து, பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

3. மாத்திரையை உப்பு, வெல்லம், கற்பூரம், எண்ணெய் டின் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தரையையும் வெளிச்சுவரையும் விட்டுத் தள்ளி, மூடியுள்ள டப்பாவில் அட்டையோடு வையுங்கள்.

4. மலைக்கு அனுப்பும்போது பெட்டியில் காலியிடம் விடாமல் காகிதம் திணித்து அனுப்புங்கள். பருப்பு மூட்டைக்கு அடியில் போடாதீர்கள்.

5. அட்டையை வெட்டித் தேதியை ஒருவருக்கும் மாத்திரையை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள்.

6. உடைந்த மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அட்டையோடு எடுத்து வையுங்கள். அதுதான் உங்கள் சாட்சி. ஆனால் விற்பனைச் சரக்கோடு சேர்க்காமல் தனியே எழுதி வையுங்கள்.

மேகமலை உறுப்பினர் இப்போது சரக்கு எடுக்கக் கீழே வரும்போது, மொத்தக் கடையிலேயே நின்று அட்டையை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் எண்ணுகிறார். தேங்காய் வாங்குபவர் ஆட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. மருந்துக்கு அந்த அக்கறை குறைவாக இருக்கலாமா?